மெமரி போர்ட்டை முதலில் எண்ணுங்கள்: டிஎஸ்பி ஹார்டுவேரில் இன்டர்லீவிங்

சூளூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர்களுக்கு ராக்கெட் ஒன்றும் புதிதில்லை. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் புகை எழும்பினால் மாடியிலிருந்து பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். ஆனால் மேலே போன செயற்கைக்கோள் என்ன அனுப்புகிறது, அதைக் கீழே பிடிக்கும் சர்க்யூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளும் கொஞ்சம் தயங்குவார்கள். 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாவிக் வரிசையின், அதாவது ஜிபிஎஸ் போல இடம் காட்டும் இந்திய அமைப்பின், முதல் செயற்கைக்கோள் கிளம்பியது. அந்த வரிசை அனுப்பும் செய்தியில் பிட்டுகள் நேர்வரிசையில் வருவதில்லை. கலைத்துத்தான் அனுப்புகிறார்கள், அதற்குப் பெயர்தான் இன்டர்லீவிங். அதைத் திரும்ப அடுக்க ஒரு சின்ன மெமரியும் ஒரே ஒரு கூட்டியும் போதும். அந்தச் சர்க்யூட்டைக் கட்டுவதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. அதற்கு முன்னும் பின்னும் மெமரியை எப்படிப் பிரிப்பது, எப்படிப் பங்கு போடுவது என்று பார்ப்போம்.

வெரிலாக்கில் ஒரு கவுன்ட்டர் எழுதி ஓடவிட்டிருக்கிறீர்கள், எஃப்ஐஆர் ஃபில்டர் என்றால் பெருக்கிக் கூட்டுவது என்று தெரியும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஎஸ்பி, அதாவது சிக்னலை எண்களாக்கிக் கணக்குப் போடும் வேலை, செய்யும் இன்றைய சிப்புகளில் பெருக்கி மலிவு. அந்தப் பெருக்கிக்கு ஒவ்வொரு கிளாக்கிலும் சரியான இரண்டு எண்களைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாடு. பாடப்புத்தகப் படத்தில் பெருக்கி பெரிதாக இருக்கும், மெமரி ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியாக இருக்கும். பேப்பரில் வரையும்போது இதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். மெமரியை நடுவில் பெரிதாக வரைந்து, அதில் எத்தனை போர்ட் (எழுதவோ படிக்கவோ உள்ள வாசல்), ஒரு கிளாக்கில் எத்தனை முறை அதைத் தொட வேண்டும் என்று எழுதிய பிறகு பெருக்கிக்கு வாருங்கள்.

என்ன வேண்டும்

ஆரம்பத்தில் போர்டே வேண்டாம். இகாரஸ் வெரிலாக், ஜிடிகே வேவ், அத்துடன் ஆக்டேவ் அல்லது பைத்தான் போதும். எல்லாமே இலவசம். சிமுலேஷனில் சரியாக வந்த பிறகு டாங் நானோ 9கே மாதிரி ஒரு சின்ன எஃப்பிஜிஏ போர்டு, அதாவது நாம் எழுதும் சர்க்யூட்டாக மாறும் சிப் உள்ள போர்டு, வாங்கலாம். அதிலுள்ள கோவின் சிப்பில் 8640 லட் (லாஜிக்கைக் கட்டும் சின்ன அட்டவணை), 18 கிலோபிட் அளவில் 26 பிளாக் ராம், 18க்கு 18 பிட் பெருக்கிகள் 20 இருக்கின்றன. போர்டிலேயே 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக் உண்டு. கல்லூரி லேபில் ஆர்ட்டிக்ஸ்-7 35டி போர்டு கிடைத்தால் அது இன்னும் தாராளம்: 36 கிலோபிட் பிளாக் ராம் 50, டிஎஸ்பி ஸ்லைஸ் 90.

சூளூர்பேட்டையிலிருந்து லோக்கல் ரயில் பிடித்தால் சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம், ஆன்லைனிலும் கிடைக்கும். ஏரிக்காற்றில் உப்பு இருப்பதால் ஜம்பர் ஒயர் முனைகள் நம் பக்கம் சீக்கிரம் கறுத்துவிடும். வேலை முடிந்ததும் போர்டை ஜிப் கவருக்குள் போட்டுவையுங்கள். லூஸ் கான்டாக்ட்டில் வரும் பிழையை வெரிலாக்கில் தேடுவதைப் போல எரிச்சல் வேறு இல்லை.

முதல் படி: போர்ட் கணக்கு

பிளாக் ராம் என்பது ஆயிரக்கணக்கான பிட் கொண்ட மெமரிதான். ஆனால் ஒரு கிளாக்கில் அதை ஒன்றிரண்டு இடத்தில்தான் தொட முடியும். எளிதான அமைப்பு, எழுத ஒரு போர்ட், படிக்க ஒரு போர்ட். எல்லாக் கம்பெனி சிப்பிலும் இது சிக்கலில்லாமல் ஓடும், அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்வோம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 64 டேப் எஃப்ஐஆர் ஃபில்டர், அதாவது கடைசி 64 சாம்பிளை 64 குணகத்தால் பெருக்கிக் கூட்டுவது, வேண்டும். சாம்பிள் விநாடிக்கு 15 லட்சம் வருகிறது. சர்க்யூட் கிளாக் 54 மெகாஹெர்ட்ஸ், அதாவது போர்டின் 27ஐ பிஎல்எல் என்ற கிளாக் பெருக்கும் சர்க்யூட் வைத்து இரட்டிப்பாக்கியது. அப்படியானால் ஒரு சாம்பிளுக்கு 36 கிளாக் கிடைக்கிறது.

64 பெருக்கலை ஒரு பெருக்கியால் 36 கிளாக்கில் செய்ய முடியாது. ஆனால் ஃபில்டர் சமச்சீரானது என்றால் முதல் குணகமும் கடைசிக் குணகமும் ஒன்றே, இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் ஒன்றே. இரண்டு சாம்பிளை முதலில் கூட்டிவிட்டுப் பிறகு பெருக்கினால் 32 பெருக்கல்தான். 36க்குள் அடங்கிவிட்டது, பைப்லைனுக்கு நாலு கிளாக் மிச்சமும் இருக்கிறது. இந்த இடத்தில் பலர் சந்தோஷப்பட்டு பேனாவை வைத்துவிடுவார்கள்.

மெமரிப் பக்கம் பாருங்கள். ஒவ்வொரு கிளாக்கிலும் இரண்டு சாம்பிள் படிக்க வேண்டும், ஆனால் படிக்கும் போர்ட் ஒன்றுதான். ஒரு சாம்பிளுக்கு 64 முறை படிக்க வேண்டியிருக்க, 36 கிளாக்கில் 36 முறைதான் முடியும். பெருக்கி பாதி நேரம் சும்மா நிற்கும், ஃபில்டர் நேரத்துக்கு முடியாது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சத்யவேடுப் பையன் ஒருவன் இந்த இடத்தில் கேட்டான்: "அண்ணா, மெமரில முக்கால்வாசி காலியாத்தானே கெடக்கு, அப்புறம் ஏன் பத்தலங்கறீங்க?" காலியாகக் கிடப்பது இடம், போதாமல் போனது போர்ட். இரண்டும் வேறு வேறு கணக்கு. வெரிலாக்கைச் சர்க்யூட்டாக மாற்றும் சிந்தசிஸ் டூலின் ரிப்போர்ட் இடக்கணக்கை மட்டும் சதவீதமாகக் காட்டும். போர்ட் கணக்கை நாம்தான் கையால் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: பேங்க் பிரிப்பது

ஒரு மெமரியை இரண்டாகவோ நாலாகவோ பிரித்து, அடுத்தடுத்த அட்ரஸ்களை வேறு வேறு துண்டில் வைப்பதுதான் பேங்க் இன்டர்லீவிங். ரேஷன் கடையில் கூட்டம் அதிகமானால் அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வரிசை பிரிப்பார்களே, அதே வேலை. இங்கே அட்ரஸின் கடைசி பிட்டுகள் பேங்க்கைத் தீர்மானிக்கும், மீதி பிட்டுகள் அந்த பேங்க்குக்குள் இடத்தைச் சொல்லும். வருகிற அட்டை எல்லாம் ஒரே இலக்கத்தில் முடிந்தால் ஒரு வரிசை நீண்டு மற்றதெல்லாம் ஈயோட்டும். மெமரியிலும் அந்த ஆபத்து அப்படியே உண்டு.

1976இல் வந்த கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டரில் 16 பேங்க் இருந்தன. அதன் கிளாக் 12.5 நானோ விநாடி, ஒரு பேங்க்கைத் தொட்டால் அது மறுபடி தயாராக 50 நானோ விநாடி ஆகும். அடுத்தடுத்த அட்ரஸைக் கேட்டால் பேங்க் மாறிக்கொண்டே போகும், தாமதம் தெரியாது. 16 தள்ளித் தள்ளிக் கேட்டால் அத்தனையும் ஒரே பேங்க்கில் போய் விழும். கணக்கு எளிது: பேங்க் எண்ணிக்கையை, அதற்கும் தாவலுக்கும் பொதுவான மீப்பெரு வகுத்தியால் வகுங்கள். வருவதுதான் உண்மையில் வேலை செய்யும் பேங்க்குகளின் எண்ணிக்கை. 16 பேங்க், தாவல் 3 என்றால் 16ம் வேலை செய்யும். தாவல் 8 என்றால் இரண்டே இரண்டு. அதனால் பேங்க் எத்தனை என்று முடிவெடுக்கும் முன் உங்கள் அல்காரிதம் எந்தத் தாவலில் படிக்கிறது என்று எழுதுங்கள்.

இப்போது நம் ஃபில்டருக்கு வருவோம். 64 இடமுள்ள வட்ட மெமரியில் சாம்பிள்கள் இருக்கின்றன. ஜோடியாகப் படிக்க வேண்டியவை தொடக்கத்திலிருந்து க இடம் தள்ளி ஒன்று, 63 − க இடம் தள்ளி இன்னொன்று. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒற்றைப்படை. ஆக, ஒன்று இரட்டை அட்ரஸ் என்றால் மற்றது கட்டாயம் ஒற்றை அட்ரஸ். மெமரியை இரட்டை பேங்க், ஒற்றை பேங்க் என்று இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளாக்கிலும் ஒவ்வொரு பேங்க்கிலிருந்தும் சரியாக ஒரு சாம்பிள் வரும். மோதலே இல்லை. புதுச் சாம்பிளை எழுதும் போர்ட்டும் தனியே இருக்கிறது. குணகங்கள் 32ஐ வேறொரு சின்ன மெமரியில் வைத்துவிடுங்கள்.

இதே ஃபில்டரை 63 டேப்பாக வடிவமைத்திருந்தால்? ஜோடியின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகிவிடும். இரண்டும் எப்போதும் ஒரே பேங்க்கில் விழும், ஒவ்வொரு கிளாக்கிலும் மோதல். ஒரு டேப் குறைத்தால் வேலை குறையும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் ஹார்டுவேர் இரட்டிப்பு நேரம் கேட்கும். ஃபில்டர் வடிவமைக்கும் மென்பொருள் இதையெல்லாம் சொல்லாது. ஆக்டேவில் ஆர்டரை மாற்றுவது ஒரு நிமிட வேலை, அங்கேயே 64க்கு மாற்றிவிடுங்கள்.

சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்குக்கு கடைசி பிட் தந்திரம் போதாது. ரேடிக்ஸ்-2 முறையில் ஒவ்வொரு பட்டர்ஃபிளையும், அதாவது அதன் அடிப்படைக் கூட்டல்-கழித்தல் அலகும், இரண்டு எண்களைப் படித்து இரண்டு எண்களை எழுதும். முதல் கட்டத்தில் அந்த அட்ரஸ்களுக்குள் இடைவெளி 1, அடுத்ததில் 2, பிறகு 4, 8 என்று போகும். கடைசி பிட்டை வைத்து பேங்க் பிரித்தால் முதல் கட்டம் நன்றாக ஓடும், இரண்டாவதிலிருந்து எல்லாம் மோதும்.

இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. 1969இலேயே பீஸ் என்பவர் கவனித்துச் சொன்னது: எந்தக் கட்டத்திலும் ஜோடி அட்ரஸ்கள் இரண்டும் ஒரே ஒரு பிட்டில்தான் வேறுபடும். எனவே அட்ரஸிலுள்ள 1கள் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதை பேங்க் எண்ணாக வைத்தால் ஜோடி ஒருபோதும் ஒரே பேங்க்கில் சேராது. எட்டுப் புள்ளி எஃப்எஃப்டியில் 0, 3, 5, 6 ஒரு பேங்க், 1, 2, 4, 7 இன்னொரு பேங்க். பேப்பரில் எழுதி மூன்று கட்டத்துக்கும் ஜோடி போட்டுப் பாருங்கள், ஒன்றுகூட மோதாது. பேங்க்குக்குள் இடம் வேண்டுமா? அட்ரஸின் கடைசி பிட்டை வெட்டிவிடுங்கள், அவ்வளவுதான். ஹார்டுவேரில் இது சில எக்ஸ்ஓஆர் கேட். ஒரே ஒரு கவனம்: ஒரு கட்டத்தின் கடைசி விடைகள் பைப்லைனில் இருக்கும்போதே அடுத்த கட்டத்தைத் தொடங்கிவிடாதீர்கள், பழைய எண்ணைப் படித்துவிடும். நடுவில் பைப்லைன் நீளத்துக்குச் சில கிளாக் சும்மா விடுங்கள்.

மூன்றாம் படி: நாவிக் செய்தியை அடுக்குவது

இதுவரை பார்த்தது வேகத்துக்கான இன்டர்லீவிங். இப்போது பார்ப்பது பிழையைப் பரப்புவதற்கான இன்டர்லீவிங். இரண்டிலும் கைவேலை ஒன்றேதான்: ஒரு வரிசையில் எழுதி வேறு வரிசையில் படிப்பது.

நாவிக் செய்தியின் ஒரு துண்டான சப்ஃபிரேம் 600 குறியீடுகள் (வானில் போகும் 0 அல்லது 1) கொண்டது. விநாடிக்கு 50 குறியீடு, எனவே ஒரு சப்ஃபிரேமுக்கு 12 விநாடி. நாலு சப்ஃபிரேம் சேர்ந்தால் ஒரு முழு ஃபிரேம், 48 விநாடி. 600இல் முதல் 16 ஒத்திசைவுச் சொல். அதற்கு என்கோடிங்கும் கிடையாது, கலைப்பும் கிடையாது. மீதி 584தான் நம் சரக்கு. மூலத்தில் அது 292 பிட். அதில் 24 பிட் பிழை கண்டுபிடிக்கும் சிஆர்சி, கடைசி 6 பிட் பூஜ்யம். பிழை திருத்த உதவும் பாதி விகிதக் கன்வல்யூஷன் கோடு, கன்ஸ்ட்ரெயின்ட் நீளம் (ஒரு முறைக்குப் பார்க்கும் பிட் எண்ணிக்கை) 7, ஒவ்வொரு பிட்டையும் இரண்டு குறியீடாக்குகிறது: 292 × 2 = 584.

அந்த 584ஐ 73 நெடுவரிசை, 8 கிடைவரிசை கொண்ட கட்டத்தில் நெடுவரிசை நெடுவரிசையாக எழுதி, கிடைவரிசை கிடைவரிசையாகப் படித்து அனுப்புகிறார்கள். வானில் முதலில் போவது 0ஆவது, 8ஆவது, 16ஆவது, 24ஆவது குறியீடு என்று தாவும். 576 வரை போய், பிறகு 1, 9, 17 என்று அடுத்த கிடைவரிசை தொடங்கும்.

எதற்கு இந்தச் சிரமம்? பாலத்துக்கு அடியில் கார் போகிறது, ஒரு விநாடி சிக்னல் போய்விட்டது என்று வையுங்கள். 50 குறியீடு தொடர்ச்சியாகப் பாழ். கன்ஸ்ட்ரெயின்ட் நீளம் 7 உள்ள கோடுக்குத் தொடர்ச்சியான 50 இழப்பைத் தாங்க வழியே இல்லை. ஆனால் வானில் அடுத்தடுத்து வந்த குறியீடுகள் மூலத்தில் எட்டு எட்டு தள்ளி இருந்தவை. திரும்ப அடுக்கிய பிறகு ஒவ்வொரு பாழ் குறியீட்டுக்கும் நடுவில் ஏழு நல்ல குறியீடு இருக்கும், இழப்பு 73 குறியீட்டைத் தொட்டால் மட்டும் கிடைவரிசை மாறும் இடத்தில் அது ஆறாகக் குறையலாம். அந்தக் கோடை அவிழ்க்கும் விட்டர்பி டிகோடர் இதைச் சுலபமாகச் சமாளிக்கும். 73 குறியீடு வரை, அதாவது 1.46 விநாடி இழப்பு வரை இந்தப் பரவல் நிற்கும்.

இப்போது சர்க்யூட். வாங்கும் பக்கத்தில் வரும் வரிசையிலேயே 0 முதல் 583 வரை எழுதுங்கள். படிக்கும்போது மூல வரிசை வேண்டும். மூலத்தில் ந ஆவது குறியீடு எங்கே உட்கார்ந்திருக்கிறது? நவை 8ஆல் வகுத்த மீதியை 73ஆல் பெருக்கி, அதனுடன் ஈவைக் கூட்டினால் வருகிற அட்ரஸில். சூத்திரத்தை அப்படியே வெரிலாக்கில் எழுதினாலும் ஓடும். எட்டால் வகுப்பது மூன்று பிட்டைப் பிரிப்பதுதான். ஆனால் அனுப்பும் பக்கத்தைச் செய்யும்போது 73ஆல் வகுக்க வேண்டி வரும். 73 இரண்டின் அடுக்கு இல்லை என்பதால் சிந்தசிஸ் டூல் ஒரு பெரிய வகுத்தியைக் கட்டி வைக்கும், வேகமும் போகும்.

வகுக்கவே வேண்டாம். அட்ரஸைப் பூஜ்யத்தில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 73 கூட்டுங்கள். கூட்டுத்தொகை 583ஐத் தாண்டினால் 583ஐக் கழியுங்கள். 0, 73, 146, 219, 292, 365, 438, 511, அடுத்தது 584, தாண்டிவிட்டது, கழித்தால் 1. பிறகு 74, 147 என்று போகும். கடைசிக்கு முந்தியது 510, அதனுடன் 73 கூட்டினால் 583. தாண்டவில்லை, அப்படியே வைத்துக்கொள்ளலாம், கடைசி இடமும் அதுதான். "சமமானால் கழி" என்று எழுதிவிடாதீர்கள், "தாண்டினால் கழி" என்பதுதான் சரி. அந்த ஒரு குறி மாறினால் 584இல் ஒரே ஒரு குறியீடு தவறாகும். ஒரு தவறை விட்டர்பி டிகோடர் தானே திருத்திவிடும் என்பதால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது.

அனுப்பும் பக்கத்துக்கு இதே சர்க்யூட்தான், 73க்குப் பதில் 8. எட்டையும் எழுபத்து மூன்றையும் பெருக்கினால் 584, அதை 583ஆல் வகுத்தால் மீதி 1. ஒன்றின் வேலையை மற்றது அவிழ்ப்பதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது. கூட்டுத்தொகை அதிகபட்சம் 656, எனவே 10 பிட் கூட்டி ஒன்று, ஒரு ஒப்பீட்டுச் சர்க்யூட், ஒரு கழித்தல். தீர்ந்தது.

ஒவ்வொரு குறியீட்டையும் 0 அல்லது 1 என்று வெட்டி வைக்காமல் 4 பிட் மென்மதிப்பாக வையுங்கள். எவ்வளவு நம்பிக்கையோடு 1 என்று டிகோடருக்குச் சொன்னால் சுமார் 2 டெசிபெல் லாபம். சிக்னல் போன நேரத்தில் நடு மதிப்பை எழுதினால் "தெரியவில்லை" என்று பொருள். தவறாகச் சொல்வதைவிடத் தெரியாது என்று சொல்வதை டிகோடர் விரும்பும்.

584 × 4 = 2336 பிட். ஒரு பிளாக் ராமில் தாராளமாகப் போகும். இரண்டு இடையகம் வைத்து ஒன்றில் எழுத, மற்றதில் படிக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இங்கே அது வீண் என்பது என் கருத்து. குறியீடு 20 மில்லி விநாடிக்கு ஒன்று வருகிறது. 584ஐயும் படித்து முடிக்க 27 மெகாஹெர்ட்ஸில் சுமார் 22 மைக்ரோ விநாடிதான். சப்ஃபிரேமின் கடைசிக் குறியீடு எழுதிய கணத்தில் தொடங்கினால் அடுத்தது வருவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அவகாசம் இருக்கும். வேகமான லிங்க்கில், எழுதுவதும் படிப்பதும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதுதான் இரட்டை இடையகம் தேவை. அப்போதும் தனி மெமரி வேண்டாம், அட்ரஸுக்கு மேலே ஒரு பிட் சேர்த்து அதைப் புரட்டிக்கொண்டே இருந்தால் போதும்.

பிளாக் ராமாகவே உட்கார வைப்பதில் இரண்டு கவனம் தேவை. படிப்பது கிளாக் விளிம்பில்தான் நடக்க வேண்டும். கிளாக் இல்லாமல் நேரடியாகப் படிப்பது மாதிரி எழுதினால் டூல் பிளாக் ராமை விட்டுவிட்டு ஃபிளிப்-ஃபிளாப்பிலும் லட்டிலும் மெமரியைக் கட்டும். ரீசெட் கொடுத்து மெமரி முழுவதையும் பூஜ்யமாக்க முயன்றாலும் அதே கதி. சிமுலேஷனில் இரண்டும் அருமையாக ஓடும், ரிப்போர்ட்டில் லட் எண்ணிக்கை எகிறியிருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம், அட்ரஸ் கொடுத்த கிளாக்கிலேயே டேட்டா வராது, ஒரு கிளாக் கழித்துத்தான் வரும். "டேட்டா தயார்" என்ற சிக்னலையும் ஒரு கிளாக் தாமதப்படுத்துங்கள்.

நாலாம் படி: சரிபார்ப்பது

கலைத்து, திரும்ப அடுக்கி, உள்ளே போனதே வெளியே வந்தால் சரி என்று நினைப்பது இயல்பு. அந்தச் சோதனை மட்டும் போதாது. 73 நெடுவரிசை, 8 கிடைவரிசை என்பதை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாற்றிப் போட்டிருந்தாலும் உள்ளே போனதுதான் வெளியே வரும். உங்கள் போர்டு உங்கள் போர்டோடு பேசும், செயற்கைக்கோளோடு பேசாது.

அதனால் சோதனைக்கு மட்டும் மெமரியின் அகலத்தை 10 பிட்டாக்கி, 0 முதல் 583 வரை எண்களையே டேட்டாவாக அனுப்புங்கள். கலைத்த பிறகு முதல் ஐந்து எண் 0, 8, 16, 24, 32 என்று வருகிறதா? 74ஆவதாக வருவது 1ஆ? கடைசி எண் 583ஆ? இதைக் கையால் எழுதிய பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு ஆக்டேவில் ஒரு கட்டத்தை உண்டாக்கி முழுப் பட்டியலையும் ஃபைலாக எழுதி, வெரிலாக் டெஸ்ட்பென்ச் அதைப் படித்து ஒவ்வொன்றாக ஒப்பிடட்டும். ஆக்டேவ் அணியை இயல்பாகவே நெடுவரிசையாகத்தான் நிரப்பும், பைத்தானின் நம்பை கிடைவரிசையாக நிரப்பும். இந்த வித்தியாசத்தில் தடுமாறாதவர்கள் குறைவு.

அது சரியானதும் தொடர்ச்சியாக 50 குறியீட்டைப் பாழாக்கி, அடுக்கிய பிறகு பாழானவை எத்தனை இடைவெளியில் விழுகின்றன என்று பாருங்கள். இரண்டு பாழ் குறியீட்டுக்கு நடுவில் 7க்குக் குறைவான நல்ல குறியீடு எங்காவது வந்தால் அட்ரஸ் கணக்கில் பிழை.

நிஜ சிக்னலுக்குப் போகும்போது ஒன்று சேர்ந்துகொள்ளும். கேரியரைப் பூட்டும் சர்க்யூட் சில நேரம் 180 டிகிரி புரண்டு பூட்டும், அப்போது எல்லாக் குறியீடும் தலைகீழாக வரும். ஒத்திசைவுச் சொல்லை நேராகவும் தலைகீழாகவும் தேடி, தலைகீழாகக் கிடைத்தால் மெமரிக்குள் எழுதும் முன்பே எல்லாவற்றையும் புரட்டிவிடுங்கள். ஒத்திசைவுச் சொல்லின் 16 குறியீட்டை இன்டர்லீவருக்குள் விடக் கூடாது. விட்டால் எல்லாம் 16 இடம் தள்ளிப்போய் ஒன்றும் புரியாது.

ஐந்தாம் படி: ஒரே சர்க்யூட், ஏழு சேனல்

நாவிக் அமைப்பு ஏழு செயற்கைக்கோளுக்காக வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரிலேட்டர், அதாவது வரும் சிக்னலை அந்தச் செயற்கைக்கோளின் கோடோடு ஒப்பிடும் சர்க்யூட், வேண்டும் என்று ஏழு பிரதி எடுப்பது முதலில் தோன்றும் வழி. கிளாக் கணக்கைப் பாருங்கள். பொதுச் சேவைக் கோடின் வேகம் விநாடிக்கு 10.23 லட்சம் சிப் (இங்கே சிப் என்பது கோடின் ஒரு பிட்). அதன் நாலு மடங்கில், 4.092 மெகாஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்தால் 54 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒரு சாம்பிளுக்கு 13 கிளாக் கிடைக்கிறது. ஒரே கோரிலேட்டர் போதும். ஒவ்வொரு கிளாக்கிலும் ஒரு சேனல் என்று சுற்றி வரட்டும்.

ஒவ்வொரு சேனலின் நிலையும், அதாவது கோடு ஃபேஸ், கேரியர் ஃபேஸ், முந்தியது, நேரானது, பிந்தியது என்று இரண்டு அச்சிலும் ஆறு கூட்டல் மதிப்புகள், மெமரியில் சேனல் எண்ணையே அட்ரஸாகக் கொண்டு இருக்கும். படி, கூட்டு, திரும்ப எழுது. இந்த மூன்றும் முடிய மூன்று நாலு கிளாக் ஆகும். ஒரே சேனலை அடுத்தடுத்த கிளாக்கில் தொட்டால், முந்தைய கூட்டல் எழுதப்படும் முன்பே பழைய மதிப்பைப் படித்துவிடுவோம். சேனல்கள் சுற்றில் வருவதால் அதே சேனல் மறுபடி வர ஏழு கிளாக்காவது ஆகிறது, அதற்குள் எழுதி முடிந்திருக்கும். தாமதத்தை மறைக்கத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இரண்டு சேனல்தான் ஓடுகிறது, மீதியைத் தாண்டிவிட்டால் வேகமாகுமே என்று தோன்றும். தாண்டாதீர்கள். சுற்றைச் சுருக்கினால் மேலே சொன்ன மோதல் திரும்ப வரும். காலிச் சேனலுக்கும் அதன் முறையைக் கொடுத்து, எழுதும் அனுமதியை மட்டும் நிறுத்துங்கள். சாம்பிள் எடுக்கும் கிளாக்கும் சர்க்யூட் கிளாக்கும் வேறு வேறு என்பதால் நடுவில் இரட்டைக் கிளாக் ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் போகும் வரிசை மெமரி) ஒன்று வேண்டும். அதை நீங்களே எழுதாமல் டூலோடு வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எதைச் செய்வது

நாவிக் சர்க்யூட் ஓடிய பிறகு கையில் எடுக்க நல்லது, டிஜிட்டல் டிவியின் கன்வல்யூஷனல் இன்டர்லீவர். டிவிபி தரத்தில் 12 கிளை. பூஜ்யமாவது கிளையில் தாமதம் இல்லை, அடுத்ததில் 17 பைட், அதற்கடுத்ததில் 34, கடைசியில் 187. வரும் பைட்டுகள் முறை வைத்து ஒவ்வொரு கிளைக்கும் போகும். மொத்தம் 17 × 66 = 1122 பைட் மெமரி. இதே பரவலை பிளாக் முறையில் கொண்டுவர 12 × 204 = 2448 பைட் வேண்டும். பாதிக்கும் குறைவில் முடிகிறது என்பதால்தான் இதைத் தேர்ந்தார்கள்.

படத்தில் 11 ஃபிஃபோ வரைந்திருப்பார்கள். 11 ஃபிஃபோ கட்டாதீர்கள். ஒரே பிளாக் ராமில் கிளைகளை 0, 17, 51, 102 என்று தொடங்கும் துண்டுகளாக அடுக்கி, கிளைக்கு ஒரு சுற்றும் பாயின்டர் வையுங்கள். பைட் வந்ததும் பாயின்டர் காட்டும் இடத்திலுள்ள பழைய பைட்டைப் படித்து வெளியே அனுப்பி, அடுத்த கிளாக்கில் அதே இடத்தில் புதியதை எழுதி, பாயின்டரை ஒன்று நகர்த்துங்கள். 204 பைட் பாக்கெட் என்பது 12 × 17 என்பதால் பாக்கெட்டின் ஒத்திசைவு பைட் எப்போதும் பூஜ்யமாவது கிளையிலேயே விழும். கிளை எண்ணும் கவுன்ட்டரை அந்த பைட்டோடு கட்டிவிட்டால் ஒத்திசைவும் சேர்ந்தே கிடைத்துவிடும். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் சேர்ந்து ஒவ்வொரு பைட்டுக்கும் 12 × 11 × 17 = 2244 பைட் தாமதம். பவர் கொடுத்ததும் வரும் முதல் 2244 பைட்டில் மெமரியில் கிடந்த குப்பையும் கலந்திருக்கும். டெஸ்ட்பென்ச்சில் அத்தனையையும் எண்ணித் தள்ளிவிட்டு அதற்கப்புறம் ஒப்பிடத் தொடங்குங்கள்.